தலை வாட்டுகிற பாவாடையும் பத்து நாள் குமட்டலும்

கள்ளக்குறிச்சிக்கு வந்து பாவாடை எங்கே என்று கேட்டால், துணிக்கடைக்கு வழி சொல்கிறவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர் ஷேக் பரீத் கறிக்கடைக்குப் பக்கத்தில் புகை எழும்புகிற இடத்தைக் கைகாட்டுவார். அங்கே ஒரு தகரக் கூரை. அதன் கீழே குறுக்கே அறுத்த இரும்பு டிரம் நிறையக் கரி நெருப்பு. நெருப்புக்கு இந்தப் பக்கம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு நிற்கிற ஒல்லி மனிதர்தான் பாவாடை. வயது நாற்பத்தெட்டு. இருபத்தாறு வருடமாக ஆட்டுத்தலையும் காலும் வாட்டிக் கொடுக்கிறார்.

சுலபமான வேலை என்று நினைத்து யாரும் கிளம்பி வந்துவிட வேண்டாம். தலையைக் கம்பியில் குத்தி நெருப்பில் காட்டினால் முடி சர்ரென்று எரியும். அரை நிமிடம் தாமதித்தால் தோல் வெடித்துவிடும். அரை நிமிடம் முந்தினால் முடி குழம்பு வரைக்கும் கூடவே வரும். தார் மாதிரி கறுத்துப்போன தலையைக் கத்தியால் சுரண்டச் சுரண்ட, உள்ளேயிருந்து பொன்னிறத்தில் ஒரு முகம் வரும். காலைச் சுட்டு, குளம்பை ஒரு திருகு திருகினால் சோடா மூடி மாதிரி டப்பென்று கழன்று விழும். அந்தத் திருகல் கைக்கு வர மூன்று வருடம் ஆகும்.

பீரோ சாவியை ஜன்னலிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போகிற ஜனங்கள்கூட, ஆட்டுத்தலையைப் பாவாடையிடம் கொடுத்துவிட்டு ஓரடி நகரமாட்டார்கள். தலை மாறிவிடுமாம்.

"அதோ, கொம்பு வளஞ்சிருக்குதே, அதான் எங்களுது."

"எல்லாக் கொம்பும்தாம்மா வளஞ்சிருக்குது."

"எங்களுது கொஞ்சம் சோகமா பாத்துக்கினு இருக்கும்ணா."

"அறுத்ததுக்கு அப்புறமேட்டு எந்த ஆடும்மா சிரிச்சிக்கினு இருக்கும்?"

காத்திருக்கிற நேரத்தில் டிரம்மின் ஓரத்தில் இன்னொரு வேலையும் நடக்கும். ஈரல் துண்டு, காது நுனி, சுவரொட்டி என்று ஆளாளுக்கு ஏதாவது ஒன்றைத் தணலில் போடச் சொல்வார்கள். சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். உள்ளங்கை அகலத்தில் கருஞ்சிவப்பாக இருக்கும். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் அதற்கு எப்போதும் சண்டை. ரத்தம் ஊறும் என்று மாசமாக இருக்கிற பெண்களுக்கும், இளைத்துப்போன பிள்ளைகளுக்கும் வாங்கிப்போவார்கள். உப்பும் மஞ்சளும் தடவி, ஈர்க்குச்சியால் நாலு குத்துக் குத்தி, தணலில் போட்டால் உப்பி வரும். உப்பல் அடங்குகிற நேரத்தில் எடுக்க வேண்டும். அந்த நேரத்தைப் பாவாடை கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை, மூக்கால் சொல்வார்.

மூக்கைப் பற்றித்தான் இந்தக் கதையே.

பாவாடை பிறந்து வளர்ந்தது வடக்கனந்தல். சொந்த நிலம் என்று செருப்பில் ஒட்டிய மண் தவிர வேறில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டிக்கொண்டிருந்தவர், வெட்டு இல்லாத ஒரு மாதத்தில் வேலை தேடி டவுனுக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்து ஷேக் பரீத் கடையில் தலை வாட்டுகிற ஆள் வரவில்லை.

"நெருப்புன்னா பயமா?" என்று பரீத் கேட்டார்.

"கரும்புச் சோகையக் கொளுத்துன கை பாய் இது."

"அப்ப இந்தத் தலையப் புடி."

அதுதான் வேலை உத்தரவு. இன்றுவரை மாற்றல் வரவில்லை.

வேலையோடு ஒரு வாடையும் வந்தது. முடி பொசுங்கிய வாடை. சாயங்காலம் வடக்கனந்தல் பஸ்ஸில் பாவாடை உட்கார்ந்தால், பக்கத்து சீட்டு கச்சிராயபாளையம் வரைக்கும் காலியாகவே போகும். நின்றுகொண்டு வருகிறவர்கூட உட்காரமாட்டார். "எனக்கு மட்டும் ரெண்டு சீட்டு" என்று பாவாடை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அப்படிச் சொல்லும்போது மட்டும் எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார்.

அவருக்கு ஒரே மகள், கோகிலவாணி. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை செழியன், மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருகிற வேன் ஓட்டுகிறவன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வருகிற நாள் புதன்கிழமை. மத்தியானமே கிளம்பப் பார்த்த பாவாடையைப் பரீத் பிடித்து நிறுத்தினார்.

"மாசமா இருக்கிற பொண்ணு வூட்டுக்கு வருது. இந்தக் கோலத்துலயா போய் நிப்ப?"

"போய்க் குளிச்சிடுவேன் பாய்."

"குளிச்சா மட்டும் போயிடுமா? இந்தா." மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த குட்டி அத்தர் சீசாவைத் திறந்து, பஞ்சில் நனைத்து, பாவாடையின் காது மடலில் செருகினார். சட்டைக் காலரிலும் இரண்டு இழுப்பு. சீசாவையும் பையில் போட்டுவிட்டார். "தெனமும் குளிச்சிட்டுப் போடு. கொழந்த பொறக்கிற வரைக்கும் மணமா இரு."

பாவாடை வீட்டுக்கு வந்து குளித்து, பஞ்சைத் திரும்பவும் செருகிக்கொண்டு, கல்யாணத்தன்றுகூட இல்லாத மணத்தோடு வாசலில் நின்றார். வேன் வந்தது. கோகிலா மெதுவாக இறங்கினாள். "அப்பா" என்று சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கை வாய்க்குப் போனது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

வேனில் வந்த களைப்பு என்றாள் அவள் அம்மா சாலம்மாள். மலைரோட்டு வளைவு என்றான் செழியன். பஸ்ஸில் காலியாகக் கிடக்கும் பக்கத்து சீட்டு பாவாடையின் கண்ணில் வந்து நின்றது.

அடுத்த நாள் பூண்டு வாடை என்று பூண்டை நிறுத்தினார்கள். அதற்கடுத்த நாள் புதுப் பாயின் பிளாஸ்டிக் வாடை என்று பாயை வெளியே போட்டார்கள். "என்னமோ ஒரு வாட வருதும்மா, இன்னான்னு தெரியல" என்பதற்கு மேல் கோகிலாவுக்கும் சொல்லத் தெரியவில்லை. சோற்றைப் பிசைவாள். இரண்டு வாய் போகும். அப்போது பார்த்துப் பாவாடை வாசலுக்கு வருவார். மூன்றாவது வாய் நின்றுவிடும்.

நர்ஸ் பாரதி வந்து பார்த்துவிட்டு, ரத்தம் ஒன்பதுதான் இருக்கிறது என்றாள். "மாத்திரய வுடாம போடு. கீர, முட்ட, சுவரொட்டி எல்லாம் துன்னு. சில பேருக்குக் கடசி வரைக்கும் கொமட்டல் இருக்கத்தான் செய்யும்."

சுவரொட்டியா? அதற்கென்ன பஞ்சம்? சண்டை போட்டு ஒன்றை ஒதுக்கி, தன் கையாலேயே சுட்டு, வாழை இலையில் மடித்துக் கொண்டுவந்தார். இலையைப் பிரிப்பதற்கு முன்பே கோகிலா பின்பக்கம் போய்விட்டாள். சாலம்மாள்தான் தின்றாள். அவளுக்கு ரத்தம் ஊறியது.

பாவாடை ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தார். முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். உள்ளே கோகிலா சாப்பிட்டாள். மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தார். காற்று வீட்டைப் பார்த்து அடித்தது. தட்டு தள்ளி வைக்கப்படும் சத்தம் கேட்டது. மறுபடி அந்தப் பக்கம் போனார். மறுபடி இந்தப் பக்கம். எதிர்வீட்டில் முறம் புடைத்துக்கொண்டிருந்த பெண், மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முறத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பாவாடைக்குச் சந்தேகம் தீர்ந்தது. வாடை தன் மேல்தான்.

வீட்டில் யாரிடமும் இதைக் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். அதனால் ஊரிடம் கேட்டார். ஊர் யோசனை சொல்வதற்குக் காசு கேட்பதில்லை.

டீக்கடை அய்யனார், "கொதிச்ச டீத்தூள ஒடம்புல தேச்சி ஊற வெய்ங்கண்ணா, எந்த வாடையும் நிக்காது" என்றார். மருந்துக்கடை ஜெயப்பிரகாஷ் கையில் தேய்க்கிற திரவத்தைக் கொடுத்து, உடம்பு முழுக்கத் தேய்த்தாலும் தப்பில்லை என்றார். தலை வாட்ட வந்த ஒரு ரிட்டையர்டு வாத்தியார் புளியும் கல்லுப்பும் என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர் எலுமிச்சை என்றார். இரண்டு பேருக்கும் அங்கேயே வாக்குவாதம் வந்து, வாத்தியாரின் தலை கொஞ்சம் தீய்ந்துவிட்டது. ஆட்டுத்தலைதான்.

பாவாடை யாரையும் மனம் நோகச் செய்கிற ஆள் இல்லை. எல்லோர் சொன்னதையும் ஒரே நாளில் செய்தார். டீத்தூள், புளி, எலுமிச்சை, மருந்து, இரண்டு வகை சோப்பு, எல்லாவற்றுக்கும் மேலே வழக்கமான அத்தர். அன்றைக்குக் கோகிலா மூன்று தடவை வாந்தி எடுத்தாள்.

"வுடவே மாட்டேங்குது பாய்" என்றார் மறுநாள்.

"ஒனக்கு இருவத்தாறு வருசப் பொக உள்ள எறங்கியிருக்குது. அத்தர் கம்மியாப் போடுறியா?"

"ரெண்டு சொட்டு."

"அஞ்சாக்கு."

ஐந்தாக்கினார்.

நர்ஸ் பாரதி மட்டும், "ஒரு வாரம் வேலைக்கிப் போவாம இருந்து பாருங்களேன்" என்றாள். அந்த யோசனை மிகவும் எளிதாக இருந்ததால் யாருக்கும் பிடிக்கவில்லை. பாவாடைக்கும்தான். நெருப்பை விட்டுவிட்டு ஒரு வாரம் எங்கே போய் நிற்பது?

அதற்குப் பதிலாக, மகள் வந்தபின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கரியை விட்டுவிட்டுக் கேஸ் துப்பாக்கி வாங்கி வந்தார். புகை இல்லாமல் நீல நெருப்பு உஸ்ஸென்று வரும். வரிசையில் நின்ற நிர்மலா என்ற டீச்சரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா, தலைக்கி வெல்டிங் அடிக்கிறீங்க?"

"சுத்தமா இருக்கும்மா."

"சுத்தம் யாருக்கு வேணும்? கரிப் பொக ஏறலன்னா கொழம்பு வாயில வெக்க முடியாது. எங்க வூட்டுக்காரரு தட்டத் தூக்கி அடிப்பாரு."

வரிசை முழுக்க அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. கரிதான் உசத்தி என்றார்கள். இல்லை, கொட்டாங்குச்சி என்றார்கள் சிலர். கருவேலங்கட்டை என்றார் தியாகதுருகத்துக்காரர் ஒருவர். எப்படியோ கேஸ் துப்பாக்கி தோற்றது. பாவாடை திரும்பக் கரியைக் கொட்டினார். அவருக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். இந்த வாசனை தலையில் ஏறவில்லை என்றால் சண்டைக்கு வருகிறார்கள். அதே வாசனை தன் சட்டையில் ஏறினால் சீட்டு மாறி உட்காருகிறார்கள். இது வாசனையா, வாடையா? யாராவது ஒரு முடிவு சொன்னால் தேவலை.

அந்த வியாழக்கிழமை வெள்ளிமலையிலிருந்து போன் வந்தது. கோகிலாவின் மாமியார் ரங்கம்மாள். மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்று வைத்துக்கொள்ளத் தெரியாதவள். சாலம்மாள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற பாவாடைக்கும் கேட்டது.

"சம்பந்தி, புள்ள ஒரு வாரமா ஒண்ணும் துன்றதில்லையாமே. செழியன் சொல்லிக்கினு அழுவுறான்."

"துன்றா சம்பந்தி, கொஞ்சம் கம்மியா…"

"மறைக்காதீங்க. அண்ணன் மேல முடி தீஞ்ச வாட. வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு அது எப்பிடி ஒத்துக்கும்? நான் தப்பா சொல்லல, அவரு பொழப்பு அது. ஞாயித்துக்கெழம வரேன். ஒரு வேள முழுசா துன்னான்னா வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா வண்டியில ஏத்திக்கினு வந்துடுவேன். பிரசவம் இங்க நடக்கட்டும்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்காமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். அது கிடக்கட்டும். எட்டாவது மாதத்தில் அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி, இரண்டு வாய்ச் சோற்றோடு என் மகள் போக வேண்டுமா, அதுவும் என் மேல் அடிக்கிற வாடையால்? பாவாடை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முருங்கை மரம் பலமாகப் பிடித்தால் ஒடிந்துவிடும் என்பதால் லேசாகத்தான் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கடைக்குப் போய்விடுவது. சம்பந்தி வந்து போகிற வரைக்கும் வடக்கனந்தல் பக்கமே திரும்புவதில்லை. தான் இல்லாவிட்டால் பிள்ளை எப்படியும் ஒரு தட்டு சாப்பிட்டுவிடும்.

ஆனால் அத்தர் ஏறிய சட்டைகளெல்லாம் அவளுடைய அறைக் கொடியில்தான் வரிசையாகத் தொங்கின. அது அவருக்குத் தோன்றவில்லை. வேறு யாருக்கும்தான் தோன்றவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீளாதது ஒன்றுதான் குறை. வழக்கம்போல் சட்டையைக் கழற்றிக் கடைக்குள் ஆணியில் மாட்டி, காதுப் பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பனியனோடு வாட்டிக்கொண்டிருந்தார். நெருப்புப் பக்கத்தில் அத்தர் போடக்கூடாது என்று பரீத் சொல்லியிருந்தார். ஓரத்தில், பழக்க தோஷத்தில், மகளுக்கென்று ஒதுக்கிய சுவரொட்டி உப்பிக்கொண்டிருந்தது. யார் தின்னப் போகிறார்கள் என்று தெரியாமலேயே அதைப் புரட்டிப் போட்டார்.

கிழங்கு மூட்டை ஏற்றிய வேன் ஒன்று கறிக்கடை முன்னால் வந்து நின்றது. செழியன் இறங்கினான். ரங்கம்மாள் இறங்கினாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கோகிலா இறங்கினாள். அவளுடைய துணிப்பை வண்டிக்குள் இருந்தது.

பாவாடைக்குப் புரிந்துவிட்டது. காலையிலும் சாப்பிடவில்லை. கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

"அப்பாகிட்ட சொல்லாம மலை ஏறமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா" என்று ரங்கம்மாள் பொதுவாக வரிசையைப் பார்த்துச் சொன்னாள்.

கோகிலா நெருப்பை நோக்கி நடந்து வந்தாள். இந்தப் புகையிலா? குடல் வெளியே வந்துவிடுமே! பாவாடை கையிலிருந்த கம்பியை, எரிகிற தலையோடு, தலையின் சொந்தக்காரரிடமே கொடுத்துவிட்டுக் கடைக்குள் ஓடினார். தொங்கிக்கொண்டிருந்த இரண்டு ஆடுகளுக்கு நடுவில் புகுந்து நின்றுகொண்டார். சொந்தக்காரர், தன் தலையைத் தானே பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்.

ஆட்டு விலா இடுக்கு வழியாகப் பாவாடை பார்த்தார். கோகிலா டிரம்முக்குக் கிட்டே வந்துவிட்டாள். புகை அவள் முகத்தில் அடித்தது. ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள். கை வாய்க்குப் போனது.

போச்சு, என்று பாவாடை கண்ணை மூடிக்கொண்டார்.

வாந்திச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தார். கோகிலா மென்றுகொண்டிருந்தாள். தணலிலிருந்து சுவரொட்டியை விரலாலேயே எடுத்து, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி ஊதி, கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். பாவாடை சுரண்டக் குந்துகிற மரக்கட்டையில் வசதியாக உட்கார்ந்தும் விட்டாள்.

"எம்மா, பொகைக்கி இந்தப் பக்கம் வா" என்றாள் ரங்கம்மாள்.

"இருங்கத்த, நல்லா கீது."

"இன்னா நல்லா கீது?"

"எல்லாம்தான்."

ஆடுகளுக்கு நடுவில் நின்ற பாவாடையின் முதுகில் பரீத் தட்டினார். "பாத்தியா? பொண்ணு துன்னுது! போ, போய்ப் பேசு. அப்பிடியே போவாத, இரு." ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, பையிலிருந்த சீசாவைத் திறந்து, சந்தோஷத்தில் கணக்குப் பார்க்காமல் கழுத்து முழுக்க ஊற்றினார்.

பாவாடை கூச்சத்தோடு வெளியே வந்தார். "கோகிலா…"

கோகிலா நிமிர்ந்தாள். முகம் வெளுத்தது. மிச்சத்தைப் பக்கத்தில் கிடந்த வாழை இலையில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடையோரம் போனாள்.

பாவாடை பின்வாங்கினார். பின்வாங்கப் பின்வாங்க மகளுக்குக் குமட்டல் தணிந்தது. டிரம் இவ்வளவு கிட்டே புகைகிறது, அதற்குக் குமட்டவில்லை. அப்பன் அவ்வளவு தூரத்தில் நிற்கிறான், அதற்குக் குமட்டுகிறது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

ரங்கம்மாள் மட்டும் விடவில்லை. மலைச் சந்தையில் ஆடு வாங்குகிறவள் பார்க்கிற மாதிரி பாவாடையைச் சுற்றி வந்தாள். மோந்து பார்த்தாள். அடுக்காக நாலு தும்மல் போட்டாள்.

"அண்ணா, இன்னா பூசிக்கினு கீறீங்க?"

"அத்தரு தங்கச்சி. வாட போறதுக்கு."

"எத்தினி நாளா?"

"புள்ள வந்த அன்னைலேர்ந்து."

"கழட்டுங்க சட்டைய."

நடுத்தெருவில் சம்பந்தியம்மா சட்டையைக் கழற்றச் சொன்னால் யார்தான் என்ன செய்வார்கள்? கழற்றினார். ரங்கம்மாள் சட்டையைக் குச்சியில் தூக்கி, வேடிக்கை பார்க்க வந்திருந்த அய்யனாரிடம் கொடுத்தாள். "புள்ள பக்கமா கொண்டா. மெதுவா. இன்னும் கொஞ்சம்…" கோகிலா வாயைப் பொத்தினாள். "ஓடு, ஓடு! எடுத்துக்கினு ஓடு!" அய்யனார் கொடி பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி டீக்கடை வரைக்கும் ஓடினார். கோகிலா மூச்சு விட்டாள். பரீட்சை இன்னொரு தடவை நடந்தது. மூன்றாவது தடவை வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டதால் நடந்தது. கழுத்தில் ஊற்றியதைப் பாவாடை கறிக்கடைக் குழாயில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

"தொபாய் அத்தருங்க அது" என்றார் பரீத், யாரிடம் என்றில்லாமல். "மச்சான் கொண்டாந்தது." முகம் சுண்டிப்போயிருந்தது.

"மணம் நல்லாத்தான் இருக்குது மாமா, எனக்கு வவுத்துக்குத்தான் புடிக்கல" என்று கோகிலா அவரைச் சமாதானப்படுத்தினாள்.

பாவாடை பனியனோடு மூன்றடி தள்ளி நின்றார். கிட்டே வரக் கால் வரவில்லை. "அப்ப, இந்த முடி தீஞ்ச வாட… அது ஒனக்கு ஒண்ணும் பண்ணலியா?"

"அது இன்னா பண்ணும்? சின்னப் புள்ளையில அந்த வாட வந்தாத்தான் நீ வந்துட்டன்னு தெரியும். தூக்கத்துல கூட தெரியும். இந்தப் பத்து நாளா யாரோ வேற ஆளு வூட்டுக்கு வந்து வந்து போற மாரி இருந்திச்சி."

பாவாடை நெருப்பைக் கிளறினார். கிளற வேண்டிய அவசியமே இல்லை. நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ரங்கம்மாள் தொண்டையைச் செருமினாள். "பத்து நாளா ஒங்க பொழப்பப் பழிச்சிக்கினு இருந்தேண்ணா."

"வாட அடிக்கத்தான செய்யிது தங்கச்சி."

அவள் இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். அவளுக்குப் பொய் வராது. "அடிக்குது. அதுக்கு இன்னா? என் வூட்டுக்காரரு மேல முப்பது வருசமா வேப்பம்புண்ணாக்கு வாட. இருந்துக்கினுதான கீறேன்." பிறகு கறாராக மருமகளிடம் திரும்பினாள். "ஆனா ஒரு சுவரொட்டி, அதுவும் பாதி, ஒரு வேள சாப்பாடு ஆவாது. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

கோகிலா வேனிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். "கெழங்கு சுட்டுத் தாங்களேன் அத்த. துன்றேன்."

ரங்கம்மாளுக்கு இது சிக்கலாகிவிட்டது. கிழங்கைக் கொடுத்தால் மருமகளை விட்டுவிட்டுப் போக வேண்டும். பசி என்று கேட்கிறவளுக்குக் கொடுக்காமலும் இருக்க முடியாது. மூட்டையில் கைவிட்டு, தேடி, நல்லதாக இரண்டு கிழங்கை எடுத்தாள். பாவாடை வாங்கித் தணல்மேல் வைத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, அண்ணா! நெருப்புல போட்டா மேல கரியும், உள்ள பச்சையா நிக்கும். சாம்பல்ல பொதைக்கணும். நவுருங்க." கம்பியைப் பிடுங்கிக்கொண்டு தானே உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தாறு வருடத்தில் பாவாடையின் கம்பியை யாரும் பிடுங்கியதில்லை. அவர் நகர்ந்து நின்றார். வரிசை முணுமுணுத்தது. "இன்னாண்ணா, தலையா கெழங்கா?" "கெழங்குதாம்மா மொதல்ல" என்றார் பரீத்.

கோகிலா இரண்டு கிழங்கையும் தின்றாள். இலையில் போட்ட பாதிச் சுவரொட்டியையும் தின்றாள். இன்னொருவருடைய ஈரல் துண்டையும், அவர் பார்க்காதபோது, தின்றாள். தன் கிழங்காலேயே தோற்றுப்போன ரங்கம்மாள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து, வேனிலிருந்து மருமகளின் துணிப்பையை எடுத்துப் பாவாடையிடம் நீட்டினாள். கூடவே அரை மூட்டைக் கிழங்கும் இறக்கச் சொன்னாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கோகிலாவின் அறைக் கொடியிலிருந்த சட்டைகளையெல்லாம் சாலம்மாள் வாரிக்கொண்டு போய் ஊற வைத்தாள். பத்து நாள் புருஷன் மணந்தது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை. அத்தர் சீசாவைப் பரீத் திருப்பி வாங்கிக்கொண்டார், பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று தருவதாக.

பாவாடை குளிக்கத் துண்டைத் தேடினார். காலையிலிருந்து தோளில் கிடந்து புகையேறிய துண்டு. அதைக் கோகிலா எப்போதோ இழுத்துச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துடைத்து வைத்த மாதிரி ஒரு காலித் தட்டு.

துண்டை இழுத்தால் முழித்துக்கொள்வாள். இழுக்காவிட்டால் குளிக்க முடியாது. குளித்தால் நல்லதா, குளிக்காமல் இருந்தால் நல்லதா என்பதே இப்போது தெரியவில்லை. ஒரு கையில் சோப்போடு பாவாடை பாயோரம் உட்கார்ந்தார். அவ்வளவு கிட்டே உட்கார்ந்து பத்து நாள் ஆகிறது.

"இன்னுமா குளிக்கல?" என்று சாலம்மாள் பின்பக்கத்திலிருந்து கத்தினாள்.

அவர் உதட்டில் விரல் வைத்து உஸ்ஸென்றார். அது அவளுக்குக் கேட்டிருக்காது. சோப்பை மெல்ல ஜன்னல் மேல் வைத்தார்.